கார்டியன் நியமனம்: கலெக்டர் அலுவலகமா, நீதிமன்றமா?

காங்கேயம் பக்கத்துத் தோட்டத்துக் குடும்பம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தந்தை உயில் எழுதாமல் காலமாகிவிட்டார்; அப்பத்தாவும் உயிரோடு இல்லை. தந்தை தம் சம்பாத்தியத்தில் வாங்கிய பூமியில் மனைவிக்கும், 12 வயது மகனுக்கும், அறிவுசார் குறைபாடுள்ள 22 வயது மகளுக்கும் சம பங்கு உண்டு. கடனை அடைக்க இரண்டு ஏக்கரை விற்றாக வேண்டும். தாய் மூவருக்குமாகக் கையெழுத்துப் போட்டால் போதாதா என்று பங்காளிகள் கேட்பார்கள். கிரயம் வாங்குபவரின் வக்கீல் அதற்கு ஒப்ப மாட்டார், ஒப்பாமல் இருப்பதே சரி.

மகனின் நிலை தெளிவானது. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் (மைனர்) மற்றும் காப்பாளர் (கார்டியன்) சட்டப்படி, தந்தைக்குப் பின் தாயே இயற்கைக் காப்பாளர். அதற்குத் தனி நியமனம் தேவையில்லை. ஆனால் மைனரின் அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும், அதுவும் மைனருக்கு அவசியம் அல்லது வெளிப்படையான நன்மை இருந்தால்தான் கிடைக்கும். அனுமதியின்றி விற்றால், மகன் 18 வயது நிரம்பியபின் மூன்றாண்டுகளுக்குள் அந்தக் கிரயத்தை ரத்து செய்யக் கோரலாம். அப்படிப்பட்ட பூமிக்கு நல்ல விலை கொடுக்க யாரும் முன்வர மாட்டார்கள் என்பதால், மனுவுக்காகச் சில மாதங்கள் அலைவது வீண் செலவன்று.

மகளின் நிலைதான் பல பெற்றோருக்குப் பிடிபடுவதில்லை. 18 வயது நிரம்பியதுமே இயற்கைக் காப்பாளர் என்ற தகுதி சட்டத்தின் கண்ணில் முடிந்துவிடுகிறது. பெற்ற தாயாயினும் 22 வயது மகளுக்காகக் கையெழுத்திட அவருக்கு அதிகாரம் இல்லை. மகளிடமே பவர் பத்திரம் எழுதி வாங்கிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். எழுதிக்கொடுப்பதன் பொருளை அவரால் விளங்கிக்கொள்ள இயலாதபோது அந்தப் பத்திரம் வெறும் காகிதம்தான்.

இங்கே முதல் வழி, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும் உரியது. மாவட்ட ஆட்சியர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் கொண்ட உள்ளூர்க் குழு மனுவை விசாரித்துக் காப்பாளரை நியமிக்கும். வங்கிகள் இச்சான்றை ஏற்றுக் கணக்கு நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2007இலேயே அறிவுறுத்தியுள்ளது. நியமனம் பெற்றவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், அதன்பின் ஆண்டுதோறும் கணக்கையும் குழுவிடம் கொடுக்க வேண்டும். சித்தப்பாவோ மாமனோ காப்பாளராகும் வீடுகளில் இந்த நிபந்தனையே பெரிய காவல் என்பது என் கருத்து.

எனினும் பூமி விற்பனைக்கு இச்சான்று ஒன்றையே நம்புவது உசிதமன்று. சொத்தைப் பராமரிக்கும் பொறுப்பை அச்சட்டம் தருகிறதே தவிர, மைனர் சொத்துக்கு இருப்பது போன்ற விற்பனை அனுமதி முறையை அதில் வகுக்கவில்லை. ஆகவே உதவித்தொகைக்கும் வங்கிக்கும் பராமரிப்புக்கும் குழுவை நாடுவதும், கிரயத்துக்கு இரண்டாவது வழியான நீதிமன்ற உத்தரவைப் பெறுவதுமே பத்திரமான ஏற்பாடு.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மூன்றாவது வழியைத் தருகிறது. அது கூறும் வரம்புக்குட்பட்ட காப்பாளர், குறிப்பிட்ட முடிவுக்கும் காலத்துக்கும் மட்டும், அந்த நபரின் விருப்பத்தை அறிந்து அவரோடு சேர்ந்தே முடிவெடுப்பார். ஓரளவு புரிந்துகொண்டு தன் கருத்தைச் சொல்லக்கூடியவருக்கு, முழு அதிகாரத்தையும் வேறொருவரிடம் ஒப்படைப்பதைவிட இதுவே கௌரவமானது.

பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பெரியவர் பக்கவாதம் வந்து நினைவிழந்து கிடந்தால் கதை வேறு. நான்கு குறைபாடுகளுள் எதிலும் அவர் அடங்காததால் உள்ளூர்க் குழுவுக்குப் போக முடியாது. நல்ல நினைவோடு இருந்தபோது மகனுக்கு எழுதிக்கொடுத்த பவரும், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, அவர் சித்த சுவாதீனம் இழந்ததுமே முடிவுக்கு வந்துவிடும். 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தில் சொத்து மேலாளரை நியமிக்க இடமிருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டமோ சிகிச்சைக்கான நியமனப் பிரதிநிதியோடு நின்றுவிட்டது. இந்த இடைவெளியில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவதே நடைமுறை வழியாக உள்ளது. கோமாவில் கிடந்த கணவரின் சொத்துக்கு மனைவியைக் காப்பாளராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் நியமித்தபோதும், விற்பனைப் பணத்தில் ஒரு பகுதியைக் கணவர் பெயரில் வைப்புத்தொகையாக வைக்கச் சொன்னது.