ஃப்ரேம்வொர்க் லேப்டாப் 13: வாங்கும் முன் ஸ்டோரேஜ் கணக்கைப் போட்டுவிடுங்கள்

ஃப்ரேம்வொர்க் கம்பெனியின் இந்த லேப்டாப்பைப் பற்றிப் பேசினாலே பாகங்களை நாமே கழற்றி மாட்டும் வசதிதான் முதலில் வரும். நியாயமான பாராட்டுதான், எனக்கும் ரொம்பப் பிடித்தது அதுதான். ஆனால் "எல்லாவற்றையும் மாற்றலாம்" என்று கேட்டவுடன் "எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம்" என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்டோரேஜ் விஷயத்தில் அப்படி இல்லை.

உள்ளே இருப்பது ஒரே ஒரு எம்.2 ஸ்லாட், அதாவது மெல்லிய பட்டை போன்ற எஸ்எஸ்டியை (டேட்டா சேமிக்கும் பாகம்) செருகும் இடம். 2280 அளவு, அதாவது 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம், என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டிதான் போட வேண்டும். இடம் போதாவிட்டால் பக்கத்தில் இன்னொன்றைச் செருக வழியில்லை. இருப்பதை எடுத்துவிட்டுப் பெரியதைப் போட வேண்டும், அதற்கு ஒரு யுஎஸ்பி என்க்ளோஷர் (எஸ்எஸ்டியை வெளியிலிருந்து இணைக்கும் பெட்டி) தேடி, பழைய எஸ்எஸ்டியை அப்படியே நகல் எடுத்து (குளோன்), விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஓடிக்கொண்டிருந்தால் அதைத் திறக்கும் ரெக்கவரி கீயை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு என்று வேலை நீளும். இரண்டு எஸ்எஸ்டி வேண்டுமென்றால் அதே கம்பெனியின் லேப்டாப் 16 பாருங்கள், அதில் 2280 ஸ்லாட் ஒன்று, 30 மி.மீ. நீளமுள்ள 2230 ஸ்லாட் ஒன்று.

மாற்றுகிற வேலை மட்டும் இதில் மிகச் சுலபம். அடியில் ஐந்து திருகுகள், தளர்த்தினாலும் கீழே விழாது; ஸ்க்ரூடிரைவர் பெட்டியிலேயே வருகிறது. கீபோர்டு இருக்கும் மேல் மூடி காந்தத்தில் நிற்பதால் கையால் தூக்கினால் வந்துவிடும், பாகங்களின் மேலேயே வழிகாட்டிக்கான க்யூஆர் கோடு இருக்கிறது. புதியவர்களும் பயப்படாமல் திறக்கலாம்.

அப்புறம் எக்ஸ்பான்ஷன் கார்டு, அதாவது போர்ட் இடங்களில் செருகி மாற்றிக்கொள்ளும் சின்னக் கார்டு. 250 ஜிபி, 1 டிபி என்று ஸ்டோரேஜ் கார்டுகள் இருக்கின்றன, பக்கவாட்டில் செருகிவிடலாம், அதிலிருந்தே லினக்ஸைத் தொடங்கவும் (பூட்) முடியும். வீடியோ, போட்டோ, பேக்கப் வைக்க அருமை. ஆனால் அது உள்ளுக்குள் யுஎஸ்பிதான், நொடிக்கு 10 ஜிகாபிட், அதாவது சுமார் 1000 எம்பி. உள்ளே போடும் நல்ல என்விஎம்இ எஸ்எஸ்டி (பிசிஐஇ 4.0 வகை) நொடிக்கு 7000 எம்பி வரை போகும். அதோடு இருக்கிற நான்கு போர்ட் இடங்களில் ஒன்று போய்விடும். என்னைக் கேட்டால், டிஐஒய் எடிஷனை (நாமே பாகங்களைப் போட்டுக்கொள்ளும் பதிப்பு) எஸ்எஸ்டி இல்லாமல் வாங்கி, 2 டிபியை வெளியில் வாங்கி முதல் நாளே போட்டுக்கொள்வதுதான் சரி.

இந்த லேப்டாப்பில் இதையெல்லாம் கம்பெனியே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. வேறு லேப்டாப் பார்க்கிறீர்கள் என்றால் "512 ஜிபி எஸ்எஸ்டி" என்ற ஒரு வரியை நம்பி வாங்காதீர்கள், அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைத் தேடி எத்தனை ஸ்லாட், என்ன நீளம், சாட்டாவா என்விஎம்இயா என்று பாருங்கள், ஏனென்றால் எம்.2 என்று ஒரே பெயரில் இரண்டும் வரும், பழைய வகையான சாட்டா நொடிக்குச் சுமார் 550 எம்பிதான். மேக்புக் ஏர் எம்1 போன்றவற்றில் ஸ்டோரேஜ் போர்டிலேயே கழற்ற முடியாதபடி சால்டர் செய்யப்பட்டிருக்கும் (ஈயப்பற்று வைத்து ஒட்டப்பட்டிருக்கும்), வாங்கும்போது எடுத்த அளவுதான் கடைசிவரை. மலிவான மாடல்களில் வரும் இஎம்எம்சி என்ற ஸ்டோரேஜ் சிப்பும் பெரும்பாலும் அப்படித்தான். "அதிகபட்சம் 1 டிபி" என்று போட்டிருப்பதைப் பார்த்து மட்டும் பின்வாங்க வேண்டாம், பல நேரங்களில் அது கம்பெனி விற்கும் அளவுதான், ஸ்லாட்டின் எல்லை அல்ல.

மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் வேரியண்ட் மாறினால் உள்ளே மாறலாம், பெரிய பேட்டரி வைத்த வேரியண்டில் 2.5 இன்ச் டிரைவுக்கான இடத்தையே பேட்டரி எடுத்துக்கொள்வதுண்டு. போர்டு படத்தில் வைஃபை கார்டு இருக்கும் சின்ன ஸ்லாட்டையும் எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள், அதில் எஸ்எஸ்டி பொருந்தாது. இரண்டாவது ஸ்லாட் காலியாக இருக்கிறது என்று விற்பவர் சொன்னால், எஸ்எஸ்டியைப் பிடிக்கும் திருகும் பிராக்கெட்டும் கூடவே வருமா என்று கேளுங்கள், சில மாடல்களில் அதைத் தனியாகத் தேடி வாங்க வேண்டியிருக்கும்.