24 மணி நேர லைவ் ஃபீட்: மூணு வாரம் பாத்ததுல தெரிஞ்சது

ரியாலிட்டி ஷோ எபிசோடை மட்டும் பாத்துட்டு அவ நடிக்கிறா, இவன் தங்கம்னு சண்டை போட்டுட்டு இருந்த ஆளு தான் நானும். இந்த சீசன்ல தான் போட்டியாளருங்க வீட்டுக்குள்ள இருக்குறதை நாள் முழுக்க நேரடியா காட்டுற லைவ் ஃபீடுக்கும் சந்தா கட்டி ரெண்டையும் சேர்த்து பாத்தேன். ஷோ பேரு வேணாம், ஃபேன்ஸ் வந்து வெளுத்துருவாங்க. லைவ் ஒண்ணும் புதுசில்ல, 1999ல நெதர்லாந்துல பிக் பிரதர் (நம்ம பிக் பாஸோட ஒரிஜினல்) ஆரம்பிச்சப்பவே இணையத்துல ஓடுச்சு.

மொதல்ல சொல்லிடுறேன், செம போர். மணிக்கணக்கா தூங்குவாங்க, துணி மடிப்பாங்க, போர்வை யாரோடதுன்னு பஞ்சாயத்து பண்ணுவாங்க. ரெண்டு நாள்ல விட்டுருப்பேன், ஆனா ஒரு ஈரத் துண்டு தான் என்னை உக்கார வெச்சுது.

என்னன்னா, எபிசோட்ல ஒருத்தர் வீட்டு கஷ்டத்தை சொல்லி அழறாரு, கட் பண்ணா ஒரு பொண்ணு கண்ணை மேல உருட்டுது, டொய்ங்னு ஒரு பிஜிஎம், எனக்கு பத்திக்கிட்டு வந்துச்சு. அப்புறம் பாத்தா அந்த ஷாட்ல மட்டும் அவ தோள்ல ஈரத் துண்டு இருக்கு, முன்னாடி பின்னாடி ஷாட்ல காணோம். லைவை ரீவைண்ட் பண்ணா, அது ராத்திரி எல்லாரும் போனப்புறம் தனியா பாத்திரம் கழுவிட்டு தூக்கக் கலக்கத்துல கண்ணை உருட்டுனது! அழுகை நடந்தது மத்தியானம், அப்போ அவ அந்த ரூம்லயே இல்ல.

இது நூறு வருஷத்து வித்தை. குலெஷோவ்னு ரஷ்ய டைரக்டர் ஒரே முகத்தை சூப், சவப்பெட்டின்னு வேற வேற ஷாட் பக்கத்துல ஒட்டினாராம், ஜனங்க அதே முகத்துல பசி, சோகம்னு வேற வேற படிச்சாங்களாம். பேச்சையும் இப்படி ஒட்டுவாங்க, அதுக்கு எடிட்டர்ங்க வெச்ச பேரு ஃபிராங்கன்பைட். கன்ஃபெஷன் ரூம்ல, அதாவது தனியா கேமரா முன்னாடி உக்காந்து மனசுல இருக்கறதை சொல்ற ரூம்ல, பேசுற ஆளோட குரல் மட்டும் வந்து திரையில வேற ஏதாச்சும் ஓடுதா, கொஞ்சம் சந்தேகப்படுங்க, நடுவுல நாலு வாக்கியம் போயிருக்கலாம்.

அப்ப லைவ் தான் நிஜமான்னா அதுவும் இல்ல. எந்த கேமராவை காட்டணும்னு கன்ட்ரோல் ரூம்ல ஒருத்தர் தான் முடிவு பண்றாரு, சண்டை சூடு பிடிக்கிற நேரம் பாத்து ஆடியோ கட்டாகும், மீன் தொட்டியை காட்டுவாங்க. கடுப்பா இருக்கும். ஆப்பும் சுமார் தான், ரீவைண்ட் அடிக்கடி தொங்குது. ஓட்டு போடுறவங்கள்ல முக்கால்வாசி பேரு எபிசோட் தான் பாப்பாங்கன்னு நினைக்கிறேன், அதனால துண்டு விஷயம் தெரிஞ்சு அந்தப் பொண்ணுக்கு ஒரு லாபமும் இல்ல, அந்த வாரமே ஓட்டுல கடைசி.

இதுல என் கதையையும் சொல்லணும். மூணாவது வாரம் எபிசோட்ல அவ கிச்சனுக்குள்ள வரா, அதே டொய்ங், எல்லாம் தெரிஞ்ச நானே "வந்துட்டா பாரு"ன்னு வாய் விட்டு சொல்லிட்டேன்.

அஞ்சுக்கு மூணு ஸ்டார். வாங்குறதா இருந்தா போன்ல பாக்காதீங்க, பெரிய ஸ்கிரீன்ல பாருங்க, இல்லன்னா துண்டெல்லாம் கண்ணுல படாது.