பழைய ஸ்டைல் ஜாஸ்மின் பேஸ்: வாசத்துல குறை இல்ல, கலர்தான் உயிரை வாங்குது

மதுரைக்கார ஃப்ரெண்ட் ஒருத்தன் கேட்டான், "டேய் அந்த 1930 டைப் ஜாஸ்மின் பேஸ் கலக்கி வச்சியே, இப்ப எப்படி இருக்கு, நானும் இறங்கலாமா"ன்னு. ஜாஸ்மின் பேஸ்னா செண்டுக்கு மல்லி வாசம் குடுக்க வாசனைப் பொருட்களைக் கலந்து வைக்கற கலவை. அவனுக்கு வாட்ஸப்ல டைப் பண்ண ஆரம்பிச்சு நீளமா போயிடுச்சு, அதான் இங்கயே போட்டுடறேன்.

ஃபார்முலா செண்டு கலக்கறவங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பென்சைல் அசிடேட் பெரும்பங்கு, லினலூல், அமைல் சின்னமிக் ஆல்டிஹைட், ஹைட்ராக்ஸிசிட்ரோனெல்லால், கொஞ்சம் இலாங் பூ எண்ணெய், அப்புறம் இண்டோலும் மெத்தில் ஆந்த்ரனிலேட்டும். ஹெடியோன்ங்கற லேசான மல்லி வாசக் கெமிக்கல் ஒரு சொட்டு கூட கிடையாது, அது 1966-ல வந்த ஓ சவாஜ் செண்டுக்கு அப்புறம் வந்த ஃபேஷன், அதைப் போட்டா அப்புறம் என்ன பழைய ஸ்டைல்.

முதல்ல ஒண்ணு, இதுல மதுரை மல்லி வாசம் வரும்னு நினைச்சு இறங்காதீங்க. அந்தக் காலத்து பிரெஞ்சுக்காரங்க காப்பி அடிச்சது பிரான்ஸ்ல செண்டுக்குப் பேர் போன கிராஸ் ஊர்ல விளைஞ்ச ஜாஸ்மின், அது நம்மூர் பிச்சி, அதாவது ஜாதிமல்லி. குண்டுமல்லி வேற செடி, அதுல ஆந்த்ரனிலேட் தூக்கலா இருக்கும், ஒரு திராட்சை மணம் வரும். பிச்சிப் பூ தலையில வச்சவங்களுக்கு இந்த பேஸ் சட்டுனு புரிஞ்சிடும்.

இப்ப என் வயித்தெரிச்சலுக்கு வரேன். கலர். கலக்கின அன்னைக்கு வெளிர் மஞ்சள், பாக்கவே அழகா இருந்துச்சு. கொஞ்ச நாள்ல ஆரஞ்சு, அப்புறம் செம்பழுப்பு, இப்ப பாட்டிலை ட்யூப்லைட்டுக்கு நேரா பிடிச்சாலும் அந்தப் பக்கம் தெரியல. காரணம் ரகசியம் ஒண்ணும் இல்ல, ஆந்த்ரனிலேட்டையும் ஆல்டிஹைடையும் ஒரே பாட்டில்ல போட்டா ரெண்டும் சேர்ந்து ஷிஃப் பேஸ்ங்கற வேற கெமிக்கல் ஆயிடும், மஞ்சள் ஏறும், ரியாக்‌ஷன்ல தண்ணி வேற பிரியும், அதனால நடுவுல ஒரு கட்டத்துல கலங்கலா கூட தெரிஞ்சுது. இண்டோல் சும்மா காத்தும் வெளிச்சமும் பட்டாலே சிவக்கும், பத்தாததுக்கு அதுவும் ஆல்டிஹைடைப் பிடிச்சுக்கும். சென்னை வெயில்ல இதெல்லாம் இன்னும் ஸ்பீடு. ஃப்ரிட்ஜ்ல வை, ப்ரௌன் பாட்டில்ல வைன்னு சொல்றவங்களுக்கு: வச்சேன், லேட்டாச்சு அவ்வளவுதான், நிக்கல. வெள்ளை காட்டன் சட்டை காலர்ல பட்ட கறை இன்னும் போகல, ரின், எலுமிச்சை, வெயில் எல்லாம் பாத்தாச்சு.

இண்டோல் வாங்கின கடை (பேர் வேணாம்) அனுப்பினப்பவே வெள்ளைச் செதில் பிங்க் ஆகி இருந்துச்சு, ட்ரான்ஸ்பரன்ட் கவர்ல போட்டு அனுப்பினா வேற என்ன ஆகும். கேட்டா "நார்மல் சார்"னு ஒரே வார்த்தை. சரி, வாசம் கெடல, அதையும் சொல்லணும். ஆனா காசு வாங்கறவன் ஒரு இருட்டு பாட்டில்ல போடக் கூடாதா.

சரி, நியாயமா பேசுவோம். வாசம் அட்டகாசம். மோந்து பாக்கற பேப்பர் ஸ்ட்ரிப்பை நனைச்சதும் பென்சைல் அசிடேட் பழ வாசத்தோட குதிச்சு வரும், அது சீக்கிரமே ஓடிடும், அந்த நேரத்துல மூக்கை வச்சு முடிவு பண்ணிடாதீங்க. மறுநாள் அதே ஸ்ட்ரிப்பை எடுங்க. அமைல் சின்னமிக்கோட கொழுப்பான மணமும் இண்டோலோட அந்த லேசான அழுக்கும் சேர்ந்து, பீரோவுல பட்டுப்புடவைக்கு நடுவுல மறந்து வச்ச நேத்து பூ மாதிரி ஒரு வாசம். ஹெடியோன் போட்டு ஒரு மாடர்ன் வெர்ஷனும் பக்கத்துல கலக்கி வச்சிருக்கேன், காத்தோட்டமா, சுத்தமா, கண்ணாடி மாதிரி க்ளியரா இருக்கு, மறுநாள் மோந்தா ஆளே இல்ல.

கடுப்பு என்னன்னா, இந்த கலரும் அந்த வாசமும் ஒரே இடத்துல இருந்துதான் வருது. கலக்கின புதுசுல ஒவ்வொண்ணும் தனித்தனியா கத்திட்டு இருந்துச்சு, இண்டோலோட நாப்தலின் வாசம் ஒரு பக்கம், ஆந்த்ரனிலேட்டோட திராட்சை ஒரு பக்கம். சிவக்க சிவக்கதான் ஒண்ணா சேர்ந்து பூவா ஆச்சு. ஆந்த்ரனிலேட்டைத் தூக்கிட்டு ஒரு பேட்ச் பண்ணேன், கலர் கொஞ்சம் பரவால்ல, வாசம் பாத்ரூம் ஃப்ரெஷ்னர். இண்டோலைக் குறைச்சா அதைவிட மோசம், ஏன்னா நிஜப் பூவுல இருந்து எடுக்கற சாறான அப்சல்யூட்லயே 2-3 சதவீதம் இண்டோல் இருக்கு, அதுல கஞ்சத்தனம் பண்ண முடியாது.

யாருக்காவது கிஃப்ட் பண்ற ஐடியா இருந்தா இன்னொண்ணு, இதுல இருக்கறதுல பாதி ஐரோப்பாக்காரன் லேபிள்ல எழுதச் சொல்ற அலர்ஜி பொருள் லிஸ்ட்ல இருக்கு, லினலூல், அமைல் சின்னமிக், ஹைட்ராக்ஸிசிட்ரோனெல்லால் எல்லாம். தோல் சென்சிடிவா இருக்கறவங்க ஸ்ட்ரிப்போட நிறுத்திக்கோங்க.

அஞ்சுக்கு ரெண்டு மார்க். வாசத்துக்கு மட்டும்னா நாலரை குடுப்பேன், ஆனா இன்னைக்கு காலைலதான் அந்த சட்டையை மறுபடி துவைச்சேன், அதனால ரெண்டுதான். டேய் மதுரை, நீ கலக்காத, காசு இருந்தா கோயம்புத்தூர் பக்கம் எடுக்கற ஜாதிமல்லி அப்சல்யூட் 5 மில்லி வாங்கிக்கோ. அதுவும் ஆரஞ்சாத்தான் இருக்கும், அதுக்கு என்னைத் திட்டாத. என் பாட்டில்ல இருந்து கேட்டா மட்டும் தர மாட்டேன்.