ஆர்15 வி3: கந்தளாய் வீதியில் எரியாத விவிஏ

திருமலையிலிருந்து கொழும்புக்கு அடிக்கடி ஓட யமஹாவின் பழைய ஆர்15 வி3 மோட்டார்சைக்கிள் எடுக்கலாமா, அதே யமஹாவின் எஃப்இசட் போதுமா என்று ஒரு நண்பர் கேட்டார். ரயர், பிரேக், பெற்றோல் கணக்கெல்லாம் விற்கிறவரே சொல்லுவார். எனக்கு எரிச்சல் மீற்றரில் எரிய வேண்டிய மூன்றெழுத்தில்: விவிஏ. சுற்று ஏறும்போது வால்வ் திறக்கும் விதத்தை மாற்றுகிற அமைப்பு அது, வேலை செய்யும்போதுதான் அந்த எழுத்து எரியும்.

அளவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எஞ்சின். எஃப்இசட் வி2இல் போர் (சிலிண்டர் விட்டம்) 57.3, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 57.9 மில்லிமீற்றர், ஆர்15இல் 58, 58.7. ஆனால் எஃப்இசட் தன் முழு இழுவையையும் (12.8 நியூட்டன் மீற்றர்) 6,000 ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்று) தந்துவிடும். ஆர்15 சுமார் 15 தரும், அதுவும் 8,500இல். முழுப் பவருக்கு 10,000 வரை முறுக்க வேண்டும். நாலு வால்வ், எஃப்இசட்டின் 9.5க்குப் பதில் 11.6 கொம்ப்ரஷன் (கலவையை அமுக்கும் விகிதம்), எல்லாம் மேல் சுற்றுக்காகவே. வால்வைத் திறந்து மூடுவது கேம். வேகத்துக்கான ரேஸ் கேம், காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வைப் பிந்தித்தான் மூடும். வேகச் சுற்றில் உள்ளே பாய்கிற காற்று அந்த நேரத்திலும் நிரம்பும், மெதுவான சுற்றில் பிஸ்டன் அதையே திருப்பித் தள்ளிவிடும். அதனால்தான் 7,400 வரை சாதுவான கேம், அதற்கு மேல் ரேஸ் கேம் என்று மாற்றுகிற விவிஏயை வைத்தார்கள். நல்ல வேலை, மறுக்கவில்லை.

ஆனால் ஆறாம் கியரில் 70இல் போனால் சுற்று ஏறத்தாழ 5,000தான். கந்தளாய் தாண்டி ஹபரணை வரை விவிஏ ஒருமுறைகூட எரியாது. காசு கொடுத்து வாங்கிய கேம் சும்மா கிடக்கிறது! யானைக்காக 40க்கு இறக்கிவிட்டு அதே கியரில் முறுக்கினால் எஞ்சின் தட்டும். 95 பெற்றோல் தட்டுவதைக் குறைக்கும், இழுவையைக் கூட்டாது. மூன்றுக்கு இறக்குங்கள். பஸ்ஸை முந்தவும் அப்படித்தான். எஃப்இசட்டில் இந்தக் கால்வேலை பாதிதான்.

சுற்றைக் குறைக்க செயினை இழுக்கும் முன் பல்சக்கரமான ஸ்பிறொக்கட்டின் 14 பல்லை 15 ஆக்கச் சொல்லுவார்கள். வேண்டாம். சுற்று ஏழு வீதம் குறையும், ஏற்கெனவே இழுவை குறைந்த இடத்தில் இன்னும் குறையும். பெரிய சத்தச் சைலன்சரும் அப்படியே: குழாய் அகன்றால் புகை ஓடும் வேகம் குறைந்து கீழ்ச் சுற்று செத்துப்போகும், கலவையும் மெலியும். சத்தம் மட்டும் மிச்சம்.

நிலாவெளிப் பக்கம் ஓடுகிறவர்களுக்கு இன்னொன்று. உப்பும் மணலும் செயின் ஒயிலில் ஒட்டி அரைக்கும். 500 கிலோமீற்றருக்கு ஒருமுறை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து 90 கியர் ஒயில் விடுங்கள். மழையில் நனைந்தால் அன்றைக்கே. பெற்றோலால் கழுவினால் செயினில் இருக்கும் ஓ-ரிங் ரப்பர் கெட்டுவிடும். ரேடியேற்றருக்குப் பிரஷர் தண்ணீர் அடிக்கக் கூடாது, தகடு மடியும்.

ஆக, கொழும்புக்குத்தான் என்றால் எஃப்இசட். அதில் சந்தேகமே இல்லை. புல்மோட்டை வீதியில் விடியற்காலை, மூன்றாம் கியரில் 60ஐத் தாண்டும்போது விவிஏ எரிந்து சத்தம் மாறுமே, அது எஃப்இசட்டில் கிடையாது. என் ஆர்15க்கு மட்டும் விலை கேட்டு வராதீர்கள்.