சர்ஃப் ராக் சத்தம்: கிட்டாருக்கு முன்னால் ரிவெர்ப் வாங்குங்கள்

சர்ஃப் ராக், அதாவது அறுபதுகளில் கலிஃபோர்னியக் கடற்கரையில் பிறந்த கிட்டார் இசை, வாசிக்க ஆசை வந்ததும் எல்லாரும் முதலில் சண்டை போடுவது கிட்டாரைப் பற்றித்தான். ஜாகுவாரா, ஜாஸ்மாஸ்டரா, சர்ஃப் முன்னோடி டிக் டேல் வைத்திருந்த மாதிரி ஸ்ட்ராட்டோகாஸ்டரா, இல்லை வென்ச்சர்ஸ் குழுவின் கையில் இருந்த மாஸ்ரைட்டா? என்னைக் கேட்டால் அந்தக் கேள்வி கடைசியில் வரவேண்டியது. கையில் இருக்கிற காசை முதலில் ரிவெர்புக்கு, அதாவது சத்தத்தை ஸ்பிரிங் வழியே ஓடவிட்டு எதிரொலிக்க வைக்கும் கருவிக்கு ஒதுக்குங்கள், அப்புறம் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப், மிச்சம் இருந்தால் கிட்டார். வரிசையை மாற்றி வாங்கியவர் வீட்டில் அழகான ஜாகுவார் ஒன்று சுவரில் தொங்கும், சத்தம் மட்டும் கடற்கரைப் பக்கமே போயிருக்காது.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. 1961-இல் வந்த டிக் டேலின் 'லெட்ஸ் கோ ட்ரிப்பின்' கேட்டுப் பாருங்கள், அதே வருடம் பெல்-ஏர்ஸ் குழு வாசித்த 'மிஸ்டர் மோட்டோ'வையும் கேளுங்கள்; இரண்டிலும் இன்று நாம் சர்ஃப் என்று சொல்லும் ரிவெர்பில் நனைந்த அந்த ஈரச் சத்தம் இல்லை, வறண்டுதான் இருக்கும். பெல்-ஏர்ஸில் இருந்த இரண்டு கிட்டார்காரர்களுக்கும் ரிவெர்ப் வேண்டுமா வேண்டாமா என்பதில் ஒத்துப்போகவில்லை. வேண்டும் என்ற எடி பெர்ட்ராண்ட் பிரிந்து போய் எடி அண்ட் த ஷோமென் என்று தனிக் குழு தொடங்கினார், பெயரே ஃபெண்டர் நிறுவனத்தின் ஷோமேன் ஆம்பின் பெயர். ஆக வறண்ட சர்ஃபும் அசல் சர்ஃப்தான். ஆனால் 1963-இல் சான்டேஸ் குழுவின் 'பைப்லைன்' அந்த ஈரத்தோடு ஓடிய பிறகு கேட்பவர் காது மாறிவிட்டது, இன்று நீங்கள் தேடுவதும் அநேகமாக அந்தச் சத்தத்தைத்தான்.

சரி, ரிவெர்ப். மூன்று வழி இருக்கிறது: ஃபெண்டர் 1961-இல் கொண்டுவந்த மாதிரியான தனிப் பெட்டி, ஆம்புக்குள்ளேயே இருக்கும் ரிவெர்ப், காலால் அழுத்தும் பெடல். முதல் இரண்டிலும் உள்ளே இருப்பது ஒரே மாதிரி நீள ஸ்பிரிங் டாங்க்தான், அதனால் சத்தமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். வித்தியாசம் ஸ்பிரிங்கில் இல்லை, அதை யார் தள்ளுகிறார்கள், எந்த இடத்தில் தள்ளுகிறார்கள் என்பதில் இருக்கிறது. தனிப் பெட்டியில் 6கே6 என்ற பவர் வால்வு ஸ்பிரிங்கை உலுக்குகிறது. ட்வெல், மிக்சர், டோன் என்று மூன்று நாப், அதில் ட்வெல் என்பது ஸ்பிரிங்குக்குள் எவ்வளவு பலமாக சிக்னலை அடிக்கிறோம் என்பதற்கு. ஃபெண்டரின் ட்வின் ரிவெர்ப் மாதிரி ஆம்பில் அந்த வேலையை அதைவிடச் சின்ன 12ஏடி7 வால்வு செய்கிறது, உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு நாப், அதுவும் திரும்பி வரும் ரிவெர்பைக் கூட்டவோ குறைக்கவோ மட்டும்தான். போதாததற்குத் தனிப் பெட்டி கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் உட்கார்வதால், நனைந்த சத்தம் முழுசும் ஆம்பின் முதல் வால்விலிருந்தே கடந்து வருகிறது.

காதில் இது எப்படி விழும்? உள்ளங்கை ஓரத்தை, தந்திகள் கீழ்ப்பக்கம் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் மேல் வைத்து, தடித்த ஈ தந்தியை அமுக்கி, பிக்கால் பலமாக ஒரு தட்டு. ஆம்பின் சொந்த ரிவெர்பில் தட்டுச் சத்தம் முதலில் வரும், அதன் பின்னால் ஒரு அலை பரவும், கேட்க இனிமைதான். அதே தட்டை ட்வெல் முக்கால்வாசி, மிக்சர் பாதி வைத்த தனிப் பெட்டியில் தட்டுங்கள்: சுரம் தொடங்கும் அந்த நொடியிலேயே, தண்ணீர் பாதி நிரம்பிய குடத்தில் சொட்டு விழுந்த மாதிரி ஒரு 'ப்ளிங்க்'. சர்ஃப்காரர்கள் டிரிப் என்று உயிரை விடுவது இதற்குத்தான். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் குழம்பு, பெட்டி இருந்தால் ஆம்பின் ரிவெர்பை பூஜ்யத்தில் வையுங்கள்.

தனிப் பெட்டிக்கு இம்சைகளும் உண்டு. ஆம்ப் தலையில் தூக்கி வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஸ்பீக்கர் அதிர்வு ஸ்பிரிங்குக்குள் ஏறி சத்தம் குமுற ஆரம்பிக்கும். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அதில் வையுங்கள். அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்து தருவதாகச் சொன்னால் அது 120 வோல்ட் பெட்டியா என்று முதலில் கேளுங்கள், நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கதை முடிந்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் அதையும் தள்ளியே வைக்க வேண்டும், ஸ்பிரிங் டாங்க் பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் வந்தாலே ரீங்காரம் பிடித்துக்கொள்ளும்.

பெடல்களில் கேட்டலின்பிரெட் டொபாங்கா அந்த ஃபெண்டர் பெட்டியை மனதில் வைத்தே செய்தது, ட்வெல் நாப்பும் உண்டு. ஸ்ட்ரைமன் ஃப்ளின்ட்டில் ரிவெர்போடு, சத்தத்தை ஏற்றி இறக்கி அலையவிடும் ட்ரெமோலோவும் சேர்ந்து வருகிறது, மெதுவான பாட்டுகளுக்கு அது பெரிய வசதி, ஆனால் டிரிப் மட்டும் வேண்டுமென்றால் கொடுக்கிற காசுக்கு அது என் முதல் தேர்வு இல்லை. பாஸ் எஃப்ஆர்வி-1 இப்போது தயாரிப்பில் இல்லை, பழையது நல்ல விலைக்குக் கிடைத்தால் யோசிக்காதீர்கள். இவை எல்லாமே மெதுவாக வாசிக்கும்போது ஏமாற்றும் அளவுக்கு நன்றாக இருக்கும்; வேகமாக டபுள் பிக்கிங், அதாவது பிக்கை மேலும் கீழும் மாறி மாறி அடிக்கும்போதுதான் நிஜ ஸ்பிரிங் திணறுகிற அந்த முரட்டுத்தனம் குறைவது தெரியும். நடுவழி ஒன்று இருக்கிறது, சர்ஃபிபேர். வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டர், ஆனால் உள்ளே நிஜ ஸ்பிரிங். வால்வு மாற்றும் தலைவலி கிடையாது, டிரிப் தாராளம். என் ஓட்டு இதற்குத்தான்.

ஆம்ப் விஷயத்தில் ஒரே விதி: உடையாத சுத்தமான சத்தம். டிக் டேல் பால்போவாவில் ரெண்டெவூ பால்ரூமில் வாசித்த சத்தத்துக்கு அன்றைய ஆம்புகள் தாங்காமல் போனதால்தான் லியோ ஃபெண்டர் ஷோமேனை நோக்கிப் போனார், 15 அங்குல ஜேபிஎல் ஸ்பீக்கர் வந்ததும் அதனால்தான். இன்று ட்வின் ரிவெர்ப் 85 வாட், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர், சர்ஃபுக்குக் கச்சிதம், ஆனால் 29 கிலோ. மாடிப்படி ஏற்றிய பிறகு கை நடுங்கும்போது டபுள் பிக்கிங் வராது. அதன் டிஜிட்டல் வடிவமான டோன் மாஸ்டர் 15 கிலோதான், வால்வு பக்தி இல்லாதவர்கள் தாராளமாக எடுக்கலாம். டீலக்ஸ் ரிவெர்ப் 22 வாட், வீட்டுக்குப் போதும், டிரம்ஸ்காரர் வந்து உட்கார்ந்ததும் வால்யூம் நாலு ஐந்தைத் தாண்டவேண்டி வரும், அப்போது சத்தம் கரகரக்கத் தொடங்கி டிரிப் அதற்குள் கரைந்துவிடும். வாக்ஸ் ஏசி30 அருமையான ஆம்ப், ஆனால் அது இங்கிலாந்தின் ஷேடோஸ் குழு பக்கத்துச் சத்தம், அங்கே ஸ்பிரிங்குக்குப் பதில் டேப் எக்கோ, அது வேறு ஊர். ரிகர்சல் அறைகளில் அடிக்கடி கண்ணில் படும் ரோலண்ட் ஜேசி-120-ஐ சர்ஃப்காரர்கள் ஏன் ஒதுக்குகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. 120 வாட், உடையவே உடையாது. அதன் சொந்த ரிவெர்பை மறந்துவிட்டு முன்னால் ஒரு ஸ்பிரிங் பெட்டியைப் போட்டால் வேலை முடிந்தது.

இனி கிட்டார். ஸ்ட்ராட்டில் (ஸ்ட்ராட்டோகாஸ்டரில்) தந்தி அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்களில் பிரிட்ஜ் பக்கத்தில் இருப்பது காதைக் கிழிக்கும், பழைய வயரிங்கில் அதற்கு டோன் நாப் கிடையாது, ஆம்பில் ட்ரெபிளைக் குறைத்துச் சமாளிக்கலாம். 1958-இல் வந்த ஜாஸ்மாஸ்டர் ஜாஸ்காரர்களுக்காகச் செய்தது, அவர்கள் சட்டை செய்யவில்லை, சர்ஃப் பையன்கள் எடுத்துக்கொண்டார்கள். அகலமான பிக்கப், கனமான சத்தம், தனி மெலடிக்கு எனக்குப் பிடித்தது இதுதான். 1962-இன் ஜாகுவார் 24 அங்குல ஸ்கேல் (அதிரும் தந்தியின் நீளம்), ஜாஸ்மாஸ்டரைவிட ஒன்றரை அங்குலம் குறைவு, சத்தம் மெல்லியதாக, கூர்மையாக வரும், தட்டியதும் சட்டென்று அடங்கும். இரண்டிலும் சுரத்தை வளைக்கும் கைப்பிடியான ட்ரெமோலோ ஆர்ம் வைத்த இடத்தில் நிற்கும், ஸ்ட்ராட்டை விட மிருதுவாக ஆடும், வாசித்தபடியே விரலில் பிடித்துக்கொண்டு கோர்டை நடுங்கவைக்கலாம். மாஸ்ரைட்டின் பிக்கப் சூடானது, அதாவது பலமான சிக்னல் தருவது, ஸ்பிரிங் பெட்டியைச் சீக்கிரம் திணறடித்துவிடும், ட்வெல்லைக் குறைத்துத்தான் ஆகவேண்டும். 'இன் ஸ்பேஸ்' ஆல்பம் காலத்து வென்ச்சர்ஸ் சத்தத்துக்கு அது வேண்டும், மற்றவர்கள் விலையைக் கேட்டுவிட்டு வந்துவிடலாம்.

ஜாகுவார், ஜாஸ்மாஸ்டர் வாங்குபவர்கள் பிரிட்ஜில் தந்தி வழுக்குகிறது, இரைகிறது என்று புலம்புவது பாதி நேரம் 9 கேஜ் (தந்தியின் தடிமன் அளவு) என்ற மெல்லிய தந்தி போட்டதால்தான். தடித்த தந்தி சாதாரணமாக இருந்த காலத்துப் பிரிட்ஜ் அது, குறைந்தது 11 போடுங்கள், ஜாகுவாருக்கு 12. டிக் டேல் ஸ்ட்ராட்டில் 16-இல் தொடங்கும் தந்தி போட்டவர், அதைப் பார்த்துப் போடாதீர்கள், விரல் போய்விடும். ஏற்கெனவே வீட்டில் ஒரு ஸ்ட்ராட் இருந்தால் 11 கேஜ் மாட்டி அதையே வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் இரண்டு கிட்டார் என்றால் ரிதம் வாசிப்பவர் ரிவெர்பைக் கிட்டத்தட்ட அணைத்துவிட வேண்டும், இருவரும் நனைந்தால் யார் என்ன வாசிக்கிறார் என்றே தெரியாது. அவருக்குப் பொருத்தமானது ஜாகுவார்தான், கீழே வரிசையாக இருக்கும் மூன்று சுவிட்சுகளில் ஒன்று பாஸை வெட்டிவிடும், பாஸ்காரர் நன்றி சொல்வார்.