விறாந்தைக்கு வந்து சேர்ந்த டெப்

2021 ஜூலையில் யாழ்ப்பாண நகரில் 18,500 ரூபாய்க்கு வாங்கிய எட்டு அங்குல டேப்லெட் இது. வீட்டில் அதன் பெயர் 'டெப்'. பாடசாலைகள் பூட்டிக் கிடந்த காலம். என் கைப்பேசி பகல் முழுவதும் மகளின் கையில் இருந்ததால் வேறு வழியில்லாமல் வாங்கினேன். அதிகம் கேள்விப்படாத நிறுவனம், 2 ஜிபி ராம், 32 ஜிபி சேமிப்பு. அந்த 32-இல் ஏறக்குறைய பத்தை இயங்குதளமே விழுங்கியிருந்தது. பெட்டியில் அதை எழுத மாட்டார்கள்.

ஸூம் வகுப்பு தடங்கலில்லாமல் ஓடியது. ஆனால் நடுவில் வாட்ஸ்அப்பில் ஆசிரியை அனுப்பிய பயிற்சித்தாளைத் திறந்துவிட்டுத் திரும்பினால் ஸூம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இரண்டு செயலிகள் ஒன்றாகக் குடியிருக்க 2 ஜிபி போதாது. பயிற்சியை முன்கூட்டியே கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ள மகள் பழகிவிட்டாள். திரையைப் பக்கவாட்டில் பார்த்தால் நிறங்கள் புரண்டுவிடும். கார்ட்டூன் நேரத்தில் நடுவில் யார் இருப்பது என்று அவளுக்கும் தம்பிக்கும் நாள் தவறாமல் சண்டை.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தது. கூடவே கொடுத்த சார்ஜர் வெறும் 1 அம்பியர். 5,000 மில்லி அம்பியர் மணி பேட்டரி நிரம்ப ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேண்டும். மின்சாரம் துண்டு துண்டாக வந்ததால் அது பாதியைத் தாண்டியதே அபூர்வம். ஆனாலும் மடிக்கணினி அணைந்து கிடந்த அந்நாட்களில் ஒரு பவர் பேங்கை வைத்து இதை இரண்டு மாலைகள் ஓட்டினோம். ரூபாய் சரிந்தபின் கடையில் இதே ரகத்தின் விலையைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து இதைத் துடைத்து வைத்தேன்.

மூன்றாம் ஆண்டில் சேமிப்பு நிறைந்து, ஒரு தொடுகைக்கு மூன்று நொடி யோசிக்கத் தொடங்கியது. பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒருமுறைகூட வரவில்லை. அதனால் வங்கிச் செயலியை அதில் ஏற்றவே இல்லை. இனி வாங்குவதென்றால் 4 ஜிபி ராமுக்குக் குறைந்ததைத் தொட மாட்டேன்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு பிடிஎஃப் வாசிப்புச் செயலியை மட்டும் விட்டு அப்பாவிடம் கொடுத்தேன். 'நூலகம்' என்ற மின்னூலக இணையத்தளத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பழைய 'ஈழநாடு' நாளிதழ்களை இறக்கிக் கொடுத்தால் போதும், விறாந்தையில் சாய்மனைக் கதிரையோடு அவர் நாள் கழிந்துவிடும். முழுப் பக்கத்தையும் எட்டு அங்குலத்தில் வாசிக்க முடியாது. பத்தி பத்தியாக விரலால் நகர்த்த வேண்டும். "வில்லைக் கண்ணாடி பிடித்து வாசித்ததற்கு இது மேல்" என்கிறார். நண்பகலில் வெளிச்சம் பட்டால் திரையில் அவர் முகம்தான் தெரியும்; கதிரையை நிழலுக்கு இழுத்துக்கொள்வார். இரண்டு தடவை கைதவறி விழுத்தியும் இருக்கிறார். யாரும் பதறவில்லை. ஒரு லட்சம் ரூபாய்ச் சாமான் என்றால் அவர் கையில் கொடுத்திருப்பேனா என்பது சந்தேகம்.

இப்போது சார்ஜர் துளை தளர்ந்துவிட்டது. வயரைச் சற்றுச் சரித்து, அடியில் மடித்த ஓலைத்துண்டை முண்டுகொடுத்தால்தான் ஏறும். அந்தச் சரிவு இதுவரை அப்பாவுக்கு மட்டுமே பிடிபட்டிருக்கிறது.