சூரிய ஒளி மோட்டர்: எட்டு மாதம் இறைத்த பிறகு எழுதுகிறேன்

கிளிநொச்சியில் ஒரு கடையில் வாங்கிய ஒரு குதிரைவலு சூரிய ஒளி மோட்டர் எங்கள் கிணற்றில் இறங்கி எட்டு மாதமாகிறது. 2025 தை மாதக் கடைசியில் பூட்டினார்கள். 550 வாற் பனல் மூன்று, பனலின் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் கொன்றோலர் ஒன்று, கிணற்றுக்குள் தொங்கும் மோட்டர், வயர், இரும்புச் சட்டம், பூட்டுகூலி எல்லாமாக 2,70,000 ரூபாய். வாங்கலாமா என்று சந்தையிலும் கோயிலிலும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று சொல்ல நேரம் இல்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

மோட்டர் நல்லது. விற்ற கடை திருத்த வருவதில் மோசம். விலை எங்களைப் போன்ற ஆட்களுக்கு எட்டாதது. இந்தக் கடைசி விசயத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

எங்கள் தோட்டம் தருமபுரத்தில், பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் இருந்து ஒரு கிலோமீற்றர் உள்ளே. முக்கால் ஏக்கர். மிளகாய், கத்தரி, பயற்றங்காய், மூலையில் கொஞ்சம் கச்சான். கிணறு 24 அடி. ஆவணியில் அடியில் ஆறடித் தண்ணீர்தான் நிற்கும். இதற்கு முன் இரண்டு இஞ்சி மண்ணெண்ணெய் மிசினால் இறைத்தோம். வைத்திருந்தவர்களுக்கு அதன் பாடு தெரியும். சின்னத் தாங்கியில் கொஞ்சம் பெற்றோல் விட்டு, கயிறு சுற்றி இழுத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பவேண்டும். பிளக்கில் கரி பிடித்திருந்தால் எத்தனை தரம் இழுத்தாலும் இருமிவிட்டு நின்றுவிடும். என் வலது தோளில் 2009 யுத்தத்தில் பட்ட செல் துண்டு இன்னும் இருக்கிறது. கையை உயர்த்தி வெடுக்கென்று இழுக்க என்னால் முடியாது. பின்வளவுத் தம்பி பள்ளிக்கூடம் போகமுதல் ஓடிவந்து இழுத்துவிட்டுப் போவான். நல்ல பிள்ளை, ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் அவனுக்குக் காய்ச்சல் வந்தால் என் பாத்திகளுக்குத் தண்ணீர் இல்லை.

இப்போது சுவர்ப்பக்கம் ஒரு சுவிச். அதைத் தட்டினால் சரி. முதல்நாள் காலை ஒன்பது மணிக்கு நானே தட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. பிழைத்துவிட்டதாக்கும் என்று கிணற்றுக் கட்டில் குனிந்து பார்த்தேன். குழாய் மெல்ல அதிர்ந்தது, காற்றைத் துப்பியது, அப்புறம் தண்ணீர் வந்தது. அம்மா வீட்டுக்குள் இருந்து, “மிசினை நிப்பாட்டிப்போட்டியே பிள்ளை?” என்று கேட்டா. அவவுக்கு இறைப்பு என்றால் அந்த டமடம சத்தம் கேட்கவேண்டும். அன்று மத்தியானம் சோறு குழைத்தபோதுதான் கவனித்தேன், விரலில் மண்ணெண்ணெய் மணம் இல்லை. சவுக்காரம் போட்டுத் தேய்த்தாலும் போகாத மணம் அது.

ஆனால் தண்ணீரின் வேகம் மிசினுக்குக் கிட்டவும் வராது. கடையில் இதைச் சொல்லமாட்டார்கள். காலை எட்டரைக்கு ஒரு விரல் மொத்தத்தில் வரும். பத்தரையில் இருந்து இரண்டு மணிவரை நல்ல ஓட்டம், மூன்றரைக்குப் பிறகு விட்டுவிடவேண்டியதுதான். மிசின் ஐந்து மணித்தியாலத்தில் முடிக்கிறதை இது இரண்டு நாளாகப் பிரித்துச் செய்கிறது. எங்கள் மண் மணற்பாங்கு. பழையபடி வாய்க்காலில் விட்டேன், பாதி வழியிலேயே மண் குடித்துவிட்டது. கடைசிப் பாத்திக் கத்தரி வாடித் தலை தொங்கியது. பிறகு சுருட்டி வைக்கிற நீல ஹோஸ் 200 அடி வாங்கி, பாத்தி பாத்தியாக இழுத்துவைத்துக் கட்டுகிறேன். வாய்க்காலில் வீணாகிற தண்ணீர் இப்போது மிச்சம். ஆவணியில் கிணறு வற்றுகிற நேரத்தில் அது பெரிய உதவியாக இருந்தது. மோட்டர் ஆறுதலாக இழுப்பதால் ஊற்றும் கூடவே ஊறி வந்துகொண்டிருக்கும். ஹோஸ் காசையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சோளகக் காற்றுத் தொடங்கினால் பனலில் செம்புழுதி படியும். மூன்று நாள் துடைக்காவிட்டால் ஓட்டம் குறைவது கண்ணுக்கே தெரியும். விடியப்புறம் பனல் குளிராக இருக்கும்போது ஈரத்துணியால் துடைக்கவேண்டும். வெயிலில் சூடேறிய கண்ணாடியில் தண்ணீர் ஊற்றக்கூடாது. மயில் இன்னொரு தொல்லை. எங்கள் பக்கத்தில் மயில் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. பனலின் மேல்விளிம்பில் ஏறி நின்று எச்சம் இடும், அந்த இடம் முழுக்க நிழலாகிவிடும். சட்டத்துக்கு மேலே இரண்டு வரிசை நைலோன் நூல் கட்டினேன், இப்போது வருவதில்லை. கார்த்திகை, மார்கழி மழையில் மோட்டர் படுத்துவிடும் என்கிறார்கள். அந்த மாதங்களில் எனக்கு இறைப்பும் இல்லையே.

ஆனி மாதத்தில் ஒருநாள் கொன்றோலரில் சிவப்பு வெளிச்சம் எரிந்து எல்லாம் நின்றது. மிளகாய் பூக்கிற நேரம். கடைக்குப் போன் எடுத்தேன். நாளைக்கு வருவார்கள் என்றார்கள். நாளை நாளை என்று 19 நாள் போனது. இரண்டு வருட உத்தரவாதம் என்று எழுதித் தந்த பற்றுச்சீட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப்போய்க் கடை வாசலில் நின்ற பிறகுதான் யாழ்ப்பாணத்தில் இருந்து ஆள் வந்தார். வந்த தம்பி கெட்டிக்காரன், அரை மணித்தியாலத்தில் கொன்றோலரை மாற்றிவிட்டான். “அக்கா, இந்தப் பக்கம் முழுக்க நான் ஒராள்தான்” என்றான். அந்த 19 நாளும் பழைய மிசினைத்தான் உருட்டினோம். பூவில் பாதி கொட்டியது. மோட்டரை விற்கிற வேகத்தில் திருத்துகிற ஆட்களையும் வைத்திருந்தால் எனக்கு அந்த நட்டம் வந்திருக்காது.

இனிக் காசுக் கதை.

மிசினில் ஒரு இறைப்புக்கு ஐந்து லீற்றர். நாலு நாளுக்கு ஒருதரம். நூறு நாள் பயிருக்கு 25 இறைப்பு, 125 லீற்றர். மண்ணெண்ணெய் 87 ரூபாயாக இருந்தபோது அது 10,875 ரூபாய். 2022 ஓகஸ்ட் 21 நள்ளிரவில் ஒரே அடியாக 253 ரூபாயைக் கூட்டி 340 ஆக்கினார்கள். அதே 125 லீற்றருக்கு 42,500 ரூபாய். நட்டத்துக்கு விற்கமுடியாது என்றார்கள். மலிவு மண்ணெண்ணெயை டீசலோடு கலக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். கலந்தவர் யாரோ, நான் இல்லை. முல்லைத்தீவுக் கரையில் மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரப் படகில் கடலுக்குப் போகிறவரும் இல்லை. அந்தப் போகம் நான் மிளகாயை விட்டுவிட்டு முற்றத்துப் பயற்றங்காய்க்கு மட்டும் வாளியால் தண்ணீர் ஊற்றினேன்.

வாளியால் ஊற்றுவது எங்களுக்குப் புதிது இல்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது எரிபொருள் வன்னிக்குள் வராது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத்திரி வைத்து விளக்குக் கொளுத்திப் படித்த பிள்ளை நான். அப்பா மோட்டார்சைக்கிளுக்கு ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடுவார். மண்ணெண்ணெயை அளந்து பாவிக்க எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2022இல் கூட்டுறவுச் சங்க வாசலில் கானோடு இரண்டு இரவு வரிசையில் நின்றபோது அம்மா, “திரும்பவும் அந்தக் காலமா?” என்றா. அந்தக் கேள்வியில் இருந்த பயத்தை நான் மறக்கமாட்டேன்.

பிறகு மண்ணெண்ணெய் விலை இறங்கி இருநூறுக்குக் கீழே வந்தது. ஆனால் எரிபொருளில் வரி புதிதாக ஏறியது. 2024 ஜனவரி 1 முதல் 18 சதவீத வற் வரியை (பெறுமதி சேர் வரி) எரிபொருளுக்கும் போட்டார்கள். அன்றே பெற்றோல் 346இல் இருந்து 366, டீசல் 329இல் இருந்து 358. பெற்றோல், டீசல் ஒவ்வொரு லீற்றரிலும் 50 ரூபாய் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் பழைய கடனுக்குப் போகிறது என்பதும் பிறகு வெளியே வந்தது. டீசல் ஏறினால் உழவுகூலி ஏறும், மரக்கறி ஏற்றும் லொறிக்கூலி ஏறும், கத்தரிக்காய் விலை மட்டும் ஏறாது. தம்புள்ளை மொத்தச் சந்தையில் வைக்கிற விலைதான் கிளிநொச்சியிலும்.

பிரான்சில் பரிஸ் நகருக்கு வெளியே இருக்கிற பெரியம்மாவின் மகன், என் அண்ணா, இதே கதையை 2018இல் எனக்குச் சொன்னவர். அங்கே காலநிலைக்காக என்று எரிபொருள் வரியைக் கூட்டிக்கொண்டே போனார்கள். நவம்பர் 17 அன்று சனம் காரில் கட்டாயம் வைத்திருக்கவேண்டிய மஞ்சள் அங்கியைப் போட்டுக்கொண்டு சுற்றுவட்டங்களில் இறங்கியது. அண்ணா உணவகச் சமையலறையில் வேலை. “பிள்ளை, காத்து நல்லா இருக்கவேணும் எண்டு எனக்கும் விருப்பம்தான். ஆனா ராத்திரி ஒரு மணிக்கு எனக்கு ரெயின் இல்லையடி. காரை விட்டா நான் எதில வீட்டை வாறது?” என்றார். 2019 ஜனவரியில் ஏற இருந்த வரியை அந்த டிசம்பரிலேயே கைவிட்டார்கள். அவருடைய கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை, ரெயின் இன்னும் இல்லை.

ஸ்காபரோவில் இருக்கிற மச்சாள் சொல்கிற கதை வேறு. கனடாவில் 2019 முதல் பெற்றோலில் காபன் வரி (எரிபொருள் புகைக்கான வரி) எடுத்தார்கள், ஆனால் அதில் பெரும்பகுதியைக் குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். கடைசி வருடங்களில் மூன்று மாதத்துக்கு ஒருதரம் வங்கிக் கணக்கில் விழும். அப்படியிருந்தும் சனத்தின் கோபம் அடங்காமல் 2025 ஏப்ரல் 1இல் அந்த வரியை நிறுத்திவிட்டார்கள். விலை இறங்கியது, திரும்பி வந்த காசும் நின்றுவிட்டது என்று மச்சாளுக்குக் கவலை. எனக்கு அதைக் கேட்கப் பொறாமையாக இருந்தது. எடுத்ததில் இருந்து திருப்பித் தர ஒருவர் நினைத்திருக்கிறாரே. எங்களிடம் எடுத்ததில் ஒரு பனலுக்காவது திரும்பி வந்திருந்தால் இந்தக் கிராமத்தில் பாதிக் கிணறுகளில் இன்று சத்தம் இல்லாமல் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்.

நான் எப்படி வாங்கினேன் என்றும் சொல்லவேண்டும். அண்ணா அனுப்பினது 1,50,000. என் சங்கிலியை அடகு வைத்து ஒரு லட்சம். மிச்சம் சீட்டுக்காசு. வங்கிக்குப் போனேன், காணி உறுதி கேட்டார்கள். எங்களுடையது பெர்மிட் காணி, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் தந்தது, உறுதி இல்லை. பெர்மிட்டை வைத்துக் கடன் தரமுடியாது என்றார்கள். வெளியே வந்ததும் நுண்கடன்காரர் கைநீட்டிக் கூப்பிட்டார். கிழமைக் கட்டுப்பணத்தில் வீட்டை விட்டு ஓடின பெண்களை எனக்குத் தெரியும், அந்தப் பக்கம் திரும்பவில்லை. வேலிக்கு அங்காலே தோட்டம் செய்கிற அக்காவுக்கு அண்ணனும் வெளியில் இல்லை, சங்கிலியும் இல்லை. காணியும் குத்தகை. ஒரு போகத்துக்கு எடுத்த காணியில் சீமெந்து போட்டுச் சட்டம் நாட்ட எந்தக் காணிக்காரர் விடுவார்? மண்ணெண்ணெய் விலை ஏறினால் சூரிய ஒளிக்கு மாறுவார்கள் என்று கொழும்பில் இருந்து கணக்குப் போடுகிறவர் இந்த அக்காவைக் கணக்கில் எடுக்கவில்லை. வெளிநாட்டில் ஆள் உள்ளவர்கள் மாறிவிட்டோம். மாற முடியாதவதான் ஏறின விலை முழுவதையும் கட்டிக்கொண்டிருக்கிறா.

மன்னாரில் கட்டின என் தங்கச்சியிடமும் இதே மாதிரி ஒரு மனக்குறை. தீவின் கரையில் 2020இல் இருந்து 30 காற்றாலைகள் சுற்றுகின்றன. மின்சாரம் நாட்டுக்கு, மழைவெள்ளம் வடியாமல் நிற்கிற வளவு தங்களுக்கு என்கிறாள். 2025இல் இன்னும் காற்றாலை வேண்டாம் என்று சனம் வீதியில் இருந்ததில் அவளும் ஒருத்தி. 2030க்குள் நாட்டின் மின்சாரத்தில் 70 சதவீதம் காற்று, வெயில், நீரில் இருந்து என்று அரசு சொல்கிறது. நல்லது, எனக்கும் அது வேண்டும். என் கிணற்றிலேயே வெயில்தான் வேலை செய்கிறது. அந்த நல்லதுக்கு யார் காசு கட்டுகிறார்கள் என்பதைத்தான் கேட்கிறோம்.

போட்ட காசு எப்போது திரும்பும்? மண்ணெண்ணெய் 340ஆக இருந்தால் ஆறேழு போகத்தில். இருநூறுக்குக் கீழே என்றால் குறைந்தது பதினொரு போகம், அதாவது ஐந்து வருடத்துக்கு மேல். கடையில் இரண்டு வருடம் என்பார்கள், நம்பவேண்டாம். வாங்கினால் கிணற்றின் ஆவணி நீர்மட்டத்தை அளந்து சொல்லி வாங்குங்கள். தண்ணீர் இறங்கினால் மோட்டர் தானாக நிற்கிற உணரியை வயரோடு கேட்டு வாங்குங்கள். திருத்த வருகிறவருடைய இலக்கத்தைக் காசு கொடுக்கமுதல் எடுத்துவையுங்கள். பழைய மிசினை விற்றுவிடவேண்டாம்.

என் பாத்திகள் முடிய ஒன்றரையாகும். அதற்குப் பிறகு மூன்றரைவரை வருகிற தண்ணீரை வேலிக்கு மேலால் அக்காவின் மிளகாய்க்கு விடுகிறேன். அவ ஒரு கட்டுக் கீரையோ பூசணியோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவா, வேண்டாம் என்றால் கேட்கமாட்டா. நாளைக்கும் அவவின் முறை. ஹோஸில் இரண்டு இடத்தில் ஓட்டை, விடியச் சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றிக் கட்டவேண்டும்.